வீட்டில் சோப்பு தயாரித்தல்: முறையும் குறைகளும் பரிகாரமும்

முன்னாளில் நமது கிராமங்களில் தலைக்குச் சீயக்காயும், உடம்புக்குப் பயற்றமாவும், துணிக்கு உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும் பயன்பட்டன. இன்று அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் சோப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. சோப்பின் மூலப்பொருள் எண்ணெய். அது நமது நிலத்தில் விளைவது. தென்னையும் நிலக்கடலையும் எள்ளும் ஆமணக்கும் நாம் பயிரிடுபவை; வேம்பும் புங்கும் இலுப்பையும் சாலையோரத்திலும் தோப்பிலும் தாமாகவே காய்த்து உதிர்பவை. ஆயினும், கொப்பரையையும் விதையையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு, எண்ணெயிலிருந்து செய்த சோப்பைக் கேட்ட விலைக்கு வாங்குவதே நமது வழக்கமாக இருந்துவருகிறது.

இந்நிலையை மாற்ற வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1957ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கதர் கிராமத் தொழில் ஆணையம், உணவுக்கு உதவாத எண்ணெய்களைக் கொண்டு சோப்பு செய்வதையும் கிராமத் தொழில்களுள் ஒன்றாகக் கொண்டு ஊக்குவித்தது. 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முறை மாநிலமெங்கும் பரவிய பின்னர், குழுக்கள் விரும்பி மேற்கொள்ளும் வீட்டுத் தொழில்களுள் சோப்பு செய்தலும் ஒன்றாயிற்று.

ஆனால், ஊக்கத்துடன் தொடங்கி, இரண்டு மூன்று தடவை கட்டிகள் கெட்டுப்போனவுடன் தொழிலையே கைவிட்டவர்களும் உண்டு. எண்ணெய் விலையுயர்ந்த பொருள். ஒரு தடவை கெட்டால் குழுவின் சேமிப்பில் ஒரு பகுதி கரைந்துபோகிறது. அந்த நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கெட்டது ஏன் என்று அறியாமல் கைவிடுவதே அது. உண்மையில் சோப்பில் நேரும் குறை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பெரும்பாலானவற்றுக்குப் பரிகாரமும் உண்டு. எடை, சூடு, பொறுமை ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலன்றிச் சோப்பு கெடுவது அரிது. இக்கட்டுரையில், நெருப்பில் காய்ச்சாமல் செய்யும் குளிர்முறையை முதலில் விளக்கி, பின்னர் குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

சோப்பு உண்டாகும் விதம்

எண்ணெயும் காரமும் நீரின் உதவியால் ஒன்றுகூடும்போது இரண்டும் தம் இயல்பு மாறி, சோப்பாகவும் கிளிசரினாகவும் ஆகின்றன. கட்டிச் சோப்புக்கு உரிய காரம் காஸ்டிக் சோடா என்னும் சோடியம் ஹைட்ராக்சைடு. சாம்பலிலிருந்து எடுக்கும் பொட்டாஷ் காரத்தில் களிபோன்ற மென்சோப்பே கிடைக்கும்.

எண்ணெயும் காரமும் கலந்தவுடனே தாமாகச் சூடு பிறக்கிறது. அச்சூட்டைக் கொண்டே வேலை நடப்பதால் அடுப்பெரிக்க வேண்டுவதில்லை. தோலுக்கு இதமளிக்கும் கிளிசரினும் கட்டியினுள்ளேயே தங்கிவிடுகிறது. பெரிய தொழிற்சாலைகளில் இதனைப் பிரித்தெடுத்துத் தனியே விற்பதுண்டு. குளிர்முறையின் சிறப்பு இவ்விரண்டுமாகும்.

சரியான அளவில் கலந்து முற்றிய சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சி நிற்பதில்லை. அளவு மிகுந்தால் மட்டுமே அது மிஞ்சித் தோலை அரிக்கும். தொழில் முழுவதும் தராசைப் பொறுத்தது என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

காஸ்டிக் சோடாவும் நமது பொறுப்பும்

முறையைக் கற்கும் முன் எச்சரிக்கையைக் கற்றல் வேண்டும். காஸ்டிக் சோடா தோலையும் சதையையும் அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும். குழந்தை அறியாமல் ஒரு வாய் விழுங்கினாலும் உணவுக்குழல் வெந்து சுருங்கி, வாழ்நாள் முழுவதும் உண்ண இயலாத துன்பம் நேரக்கூடும். ஆகவே பின்வரும் விதிகளை எவரும் எக்காலத்தும் தளர்த்தலாகாது.

காஸ்டிக் சோடாவை அதன் பெயர் எழுதிய, இறுக மூடிய கலத்தில் வைத்துப் பெட்டியில் பூட்டுதல் வேண்டும். குளிர்பானப் புட்டியிலோ, குடிநீர்ப் புட்டியிலோ, சமையலறை டப்பாவிலோ காரத்தையும் காரநீரையும் ஊற்றி வைப்பது பெருங்குற்றம் என்றே கொள்ளுதல் வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளும் கால்நடைகளும் இருத்தல் கூடாது. வேலை செய்வோர் ரப்பர்க் கையுறை, கண்ணை முழுதும் மறைக்கும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலுக்குச் செருப்பு ஆகியவற்றை அணிதல் வேண்டும்.

நீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். காரம் கரையும்போது நீர் அடுப்பிலிட்டதுபோல் சூடேறும்; மூச்சை அடைக்கும் ஆவியும் எழும். ஆகையால் இவ்வேலையைக் காற்றோட்டமுள்ள முற்றத்தில், காற்று வரும் பக்கம் நின்று செய்தல் நலம்.

தோலில் காரம் பட்டால், பட்ட துணியைக் களைந்து, ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவுதல் வேண்டும். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ புண்ணில் தேய்த்துப் பொழுதைப் போக்கலாகாது. கண்ணில் பட்டால் இமையைத் திறந்துபிடித்து அவ்வாறே 20 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்வது தவறு. ஏறிவரும் காரம் இரண்டாம் முறையும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108 ஆம்புலன்சை அழைத்துத் தாமதமின்றி மருத்துவமனை சேர்ப்பிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்னரே ஒரு வாளி நிறையச் சுத்தமான நீர் பக்கத்தில் இருத்தல் அவசியம்.

கருவிகள்

ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு முதன்மையானது. ஆழாக்கு, டம்ளர், கரண்டி ஆகியவற்றால் அளப்பது இத்தொழிலுக்கு ஒவ்வாது. எண்ணெய், நீர், காரம் மூன்றையும் எடையாலேயே நிறுத்தல் வேண்டும்.

பாத்திரங்கள் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் தின்றுவிடும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். ஈயம் பூசிய பித்தளையும் உதவாது. கண்ணாடிப் பாத்திரம் திடீர்ச் சூட்டில் வெடிக்கக்கூடும். கலக்குவதற்கு மரத்துடுப்பும் மத்தும் போதும். மின்சார மத்து இருந்தால் வேலை சுருங்கும். சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றும், மெழுகுத்தாள் விரித்த மரப்பெட்டி ஒன்றும் வேண்டும். இக்கருவிகளை மறுபடியும் சமையலுக்கு எடுத்தலாகாது.

நீரைப் பொறுத்தவரை, உப்பும் சுண்ணாம்பும் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த மழைநீரையோ, காய்ச்சி வடித்த நீரையோ கொள்ளுதல் சிறந்தது.

கணக்கு

ஒவ்வோர் எண்ணெயும் ஏற்கும் காரத்தின் அளவு வேறு. 100 கிராம் எண்ணெய் முழுதும் சோப்பாக மாறுவதற்கு வேண்டிய காஸ்டிக் சோடா ஏறத்தாழப் பின்வருமாறு:

தேங்காயெண்ணெய்: 18.3 கிராம்
பாமாயில்: 14.1 கிராம்
வேப்பெண்ணெய்: 13.9 கிராம்
கடலையெண்ணெய்: 13.6 கிராம்
நல்லெண்ணெய்: 13.4 கிராம்
விளக்கெண்ணெய்: 12.8 கிராம்

தேங்காயெண்ணெய் கட்டிக்குக் கடினத்தையும் மிகுந்த நுரையையும் தருகிறது. ஆனால் அதிகமானால் தோலை உலர்த்தும். கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் மென்மை தருவன. விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்யும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் போனால் கட்டி பிசுபிசுக்கும்.

புதிதாகக் கற்போர்க்கு ஏற்ற கலவை ஒன்றைக் கூறுவோம். தேங்காயெண்ணெய் 600 கிராம், கடலையெண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். ஆக 1000 கிராம். இவற்றுக்கு வேண்டிய காரம் முறையே 109.8, 40.8, 12.8 கிராம், ஆக 163.4 கிராம். இம்முழு அளவையும் இடுதல் கூடாது. நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைத்து 150 கிராம் இடுகிறோம். அதனால் எண்ணெயில் ஒரு சிறு பகுதி மாறாமல் கட்டியில் தங்கித் தோலுக்குப் பதம் தரும்; நிறுத்தலில் நேரும் சிறு பிழையும் தீங்கு செய்யாது. நீர் 330 கிராம்.

வேப்பெண்ணெய்ச் சோப்பு விரும்புவோர் கடலையெண்ணெயில் 100 கிராமைக் குறைத்து வேப்பெண்ணெய் 100 கிராம் சேர்க்கலாம். இரண்டும் ஏற்கும் காரம் ஏறக்குறைய ஒன்றே ஆதலால் 150 கிராம் என்னும் அளவு மாறாது. ஆனால் கடலையெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயை இட்டால் காரத்தின் அளவு மாறிவிடும். எந்த எண்ணெயை மாற்றினாலும் கணக்கைப் புதிதாகப் போடுதல் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

செய்முறை

முதலில் நீரை நிறுத்து வைத்து, காரத்தைத் தனியே நிறுத்து, நீரில் சிறிது சிறிதாக இட்டுத் துடுப்பால் கலக்கிக் கரைக்க வேண்டும். தெளிந்த பின் மூடி, ஆறவிடலாம். எண்ணெய்களை நிறுத்து ஒன்றாக்கி, வேண்டுமாயின் இளஞ்சூடாக்க வேண்டும். இரண்டும் 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இருக்கும்போது, காரநீரை மெல்லிய தாரையாக எண்ணெயில் ஊற்றிக்கொண்டே ஒரே சீராகக் கலக்குதல் வேண்டும்.

தெளிவாக இருந்த எண்ணெய் முதலில் கலங்கும். பின்னர் மோர்போலாகி, தோசை மாவுபோல் தடிக்கும். துடுப்பைத் தூக்கி மேலே கோடு இழுத்தால், அக்கோடு உடனே அமிழாமல் சிறிது நேரம் நிற்க வேண்டும். இதனைக் கோட்டுப் பதம் எனக் கூறலாம். மின்சார மத்தில் சில நிமிடங்களில் இப்பதம் வரும். கையால் கடைந்தால் அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை ஆகலாம்.

வாசனைத் தைலம் வேண்டுமாயின் பதம் தோன்றத் தொடங்கும்போது 1000 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் அளவில் சேர்க்கலாம். எலுமிச்சைப்புல் தைலம் எளிதில் அடங்குவது. பின் பெட்டியில் வார்த்து, தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளைப் போக்கி, சாக்கால் மூடி வைக்க வேண்டும். ஒரு நாள் முதல் இரண்டு நாள் கழித்து, கையுறையுடன் எடுத்து, கட்டிகளாக அறுக்கலாம்.

அறுத்த கட்டிகளை உடனே உபயோகித்தலாகாது. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் மூங்கில் தட்டியில் அடுக்கி, 4 முதல் 6 வாரம் வரை முற்றவிட வேண்டும். அதிக நீர் வற்றி, கட்டி இறுகி, நுரை நயமாகும். எண்ணெயும் காரமும் நீரும் சேர்ந்து 1480 கிராமாக இருந்த கலவை, முற்றிய பின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடை குறைவது இயல்பு. விலை கணக்கிடுவோர் முற்றிய எடையையே கொள்ளுதல் வேண்டும். பச்சை எடையைக் கொண்டு போட்ட கணக்கு நஷ்டத்தில் முடியும்.

எடை தவறுவதால் நேரும் குறைகள்

கட்டி சுண்ணாம்புபோல் வெளுத்து, அறுக்கும்போது உதிர்ந்து போனால், பெரும்பாலும் காரம் மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். இதனைச் சோதிக்க, பள்ளி ஆய்வகங்களில் வழங்கும் ஃபினாஃப்தலீன் கரைசலில் ஒரு துளியைப் புதிதாக அறுத்த முகத்தில் விட வேண்டும். நிறம் மாறாமலோ, இலேசாகச் சிவந்தோ நின்றால் குறையில்லை. ஆழ்ந்த இளஞ்சிவப்பாக மாறினால் காரம் மிஞ்சியுள்ளது. ஒரு கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் சோதித்தல் நலம். இச்சோதனையில் தவறிய கட்டியை எவர் உடம்பிலும் தேய்க்கக் கூடாது.

அதனை எறியவும் வேண்டுவதில்லை. எழுதிவைத்த கணக்கைப் பார்த்தால் பரிகாரம் கிடைக்கும். மேற்கூறிய கலவையில் 150 கிராமுக்குப் பதில் 170 கிராம் காரம் இட்டுவிட்டதாகக் கொள்வோம். எட்டுப் பங்கு குறைத்த பின் 170 கிராம் வரவேண்டுமாயின், முழு அளவு 184.8 கிராமாக இருத்தல் வேண்டும். முன்னைய 163.4 போக, 21.4 கிராம் காரத்தை ஏற்கும் எண்ணெய் இன்னும் தேவை. அது 117 கிராம் தேங்காயெண்ணெய். கட்டிகளைச் சீவி, சிறிது நீர் தெளித்து, கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்த வேறொரு பாத்திரத்தில் இளக்கி, இந்த 117 கிராமையும் சேர்த்துக் கலக்கினால், களிபோல் ஒன்றாகிக் கண்ணாடிபோல் பளபளக்கும். அதனை மீண்டும் வார்க்கலாம். இதுவே சூட்டுப் பரிகாரம். கணக்கு எழுதாதவர் ஊகத்தால் எண்ணெய் ஊற்றினால் குறை இரட்டிக்குமேயன்றி நீங்காது.

இதற்கு மாறாக, ஒரு வாரமாகியும் கட்டி வெண்ணெய்போல் மெத்தென்றும், கைபட்டால் எண்ணெய்ப் பிசுக்காகவும் இருந்தால், காரம் குறைந்துள்ளது அல்லது நீர் மிகுந்துள்ளது. நீர் மட்டுமே மிகுந்திருந்தால் முற்றவிடும் காலத்தில் தானே இறுகும். தராசு சரியாக இருந்தும் இக்குறை மீண்டும் மீண்டும் நேருமாயின் காஸ்டிக் சோடாவை ஆராய வேண்டும். மூடாமல் வைத்த காரம் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துத் தன் வலிமையை இழந்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டிருப்பதே அதற்கு அறிகுறி. அத்தகைய காரத்தைச் சோப்புக்கு எடுத்தலாகாது.

சூடும் கலக்கலும் தவறுவதால் நேரும் குறைகள்

நெடுநேரம் கலக்கியும் பதம் வரவில்லையெனில், சூடு குறைந்ததா, நீர் மிகுந்ததா, காரம் பழையதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சிறிது சூடேற்றி, இடைவிட்டு இடைவிட்டுக் கலக்கினால் பெரும்பாலும் சரியாகும். பொறுமையிழந்து, பதம் வராத கலவையை வார்த்துவிட்டால், மறுநாள் பெட்டியில் மேலே எண்ணெயும் கீழே காரநீரும் பிரிந்து நிற்கும். அந்நீர் வெறுங்காரம், வெறுங்கையால் தொடுதல் ஆபத்து. கையுறையுடன், ஒரு துளியும் கொட்டாமல் முழுவதையும் பாத்திரத்தில் திருப்பிக் கொட்டி, சூட்டுப் பரிகாரம் செய்தால் எண்ணெய் வீணாகாது.

தைலத்தை ஊற்றியவுடன் கலவை களிபோல் இறுகிப்போவதும் உண்டு. கிராம்புத் தைலமும், சில செயற்கை வாசனைகளும் இவ்வாறு செய்யும். உடனே பெட்டியில் அழுத்தி நிரப்பலாம். இடைவெளி மிகுந்தால் சூட்டுப் பரிகாரம் உண்டு. புதிய தைலத்தை முதலில் சிறிய அளவுக் கலவையில் சோதித்தறிதல் புத்திசாலித்தனம்.

வார்த்த கலவை நடுவில் வெடித்து மேலே பொங்குமாயின், அது மிகுந்த சூட்டின் விளைவு. சித்திரை, வைகாசி மாதங்களில் கனத்த சாக்கால் மூடுவதும், பால், தேன், வெல்லம் முதலிய சர்க்கரைப் பொருள்களைச் சேர்ப்பதும் இதற்குக் காரணங்கள். அம்மாதங்களில் விடியற்காலையில் வேலை செய்து, ஒரு மெல்லிய துணியால் மட்டும் மூடினால் போதும். வெடிப்பு மேற்பரப்பில் மட்டும் இருந்தால் கட்டியின் குணம் கெடுவதில்லை.

கட்டியின் மேல் வெண்மையாகச் சாம்பல்போல் படர்வதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். மேற்பரப்பிலுள்ள காரம் காற்றின் கரியமில வாயுவுடன் கூடிச் சோடா உப்பாக மாறுவதே அது, தீங்கற்றது. ஈரத்துணியால் துடைக்கலாம். வார்த்தவுடன் பெட்டியை மூடிவைத்தால் பெரிதும் குறையும். உதிரும் வெண்கட்டியையும் இவ்வெண்படலத்தையும் ஒன்றெனக் கருதி மயங்கலாகாது. உள்ளேயும் வெளுத்து உதிர்வது காரக் குறை. மேலே மட்டும் படர்வது காற்றின் செயல்.

பொறுமையும் பாதுகாப்பும் தவறுவதால் நேரும் குறைகள்

சில வாரங்களில் கட்டியில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றி, காறல் நாற்றம் வீசினால், மாறாமல் தங்கிய எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். பழைய எண்ணெயும், பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் இதற்கு முதற்காரணம். துருப்பிடித்த இரும்புத் தட்டில் உலர்த்துவதும், ஈரக்காற்றும் இதனை விரைவுபடுத்தும். இக்குறைக்குப் பரிகாரமில்லை, அக்கட்டிகளைத் துணி துவைக்க உபயோகித்துவிட்டு, அடுத்த தடவை புது எண்ணெய் கொள்வதே வழி.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கட்டிகள் வியர்த்ததுபோல் நீர்த்துளி கோப்பதுண்டு. உள்ளிருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதே காரணம். கட்டி கெட்டதன்று, துடைத்துக் காற்றோட்டமான இடத்திற்கு மாற்றினால் போதும். ஈரத்துடன் காகிதத்தில் சுற்றி மூட்டை கட்டுவதே கெடுதல்.

பச்சை இலைச்சாறு சேர்த்த கட்டி நாளடைவில் பழுப்பேறுவதும், மஞ்சள்தூளின் நிறம் காரத்தில் சிவந்து பின் மங்குவதும் இயற்கை. இவற்றைக் குறையெனக் கொள்ள வேண்டுவதில்லை. வாங்குவோரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுதல் நல்லது.

சோப்பு நுரைக்கவில்லை என்னும் குறை சில ஊர்களில் சோப்பினுடையதன்று, நீரினுடையது. கடினநீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் சோப்புடன் கூடித் திரிதிரியான அழுக்காகப் படியும். அத்தகைய ஊர்களில் தேங்காயெண்ணெயின் பங்கைக் கூட்டினால் நுரை ஓரளவு மிகும். கூட்டும்போது காரக் கணக்கையும் புதிதாகப் போடுதல் வேண்டும்.

விற்பனை செய்வோர் அறிய வேண்டுவன

சொந்த வீட்டு உபயோகம் வேறு, விற்பனை வேறு. விற்பனைக்கெனச் செய்யும் குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுகிறது. 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, அதனைத் தயாரிக்க மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம் உரிமம் பெறுதல் வேண்டும். உரிமம் பெறுவதற்கான விவரங்களை மாவட்டத் தொழில் மையத்திலும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்திலும் கேட்டறியலாம். வேப்பெண்ணெய்ச் சோப்பு சொறி, சிரங்கைக் குணப்படுத்தும் என்று உறையில் அச்சிடுவது தவறு. நோய் தீர்ப்பதாகச் சொல்லும் பொருள் மருந்து என்னும் வகையில் சேர்ந்து வேறு சட்டத் தேவைகளுக்கு உட்படும். உறையில் எண்ணெய்களின் பெயர், எடை, செய்த தேதி, தொகுதி எண் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும்.

தொகுதி எண் என்பது சடங்கன்று. ஒவ்வொரு தடவைக்கும் ஓர் எண் கொடுத்து, தேதி, எண்ணெய்களின் எடை, கார எடை, நீர் எடை, சூடு, பதம் வந்த நேரம், அறுத்த நாள், சோதனை முடிவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருதல் வேண்டும். வாங்கியவர் ஒருவர் குறை சொன்னால், அந்த எண்ணைக் கொண்டு அத்தொகுதி முழுவதையும் திரும்பப் பெற முடியும். குறையின் காரணத்தையும் அப்புத்தகத்திலேயே கண்டறியலாம். வாங்குவோரின் நம்பிக்கை இவ்வாறுதான் வளரும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இத்தொழிலுக்குப் பஞ்சாயத்து அளிக்கக்கூடிய உதவி பெருஞ்செலவு பிடிப்பதன்று. காற்றோட்டமும் குழாய்நீரும் உள்ள ஒரு பொதுக்கட்டடத்தின் தாழ்வாரத்தை வாரத்தில் ஒருநாள் குழுவுக்கு ஒதுக்கலாம்; சிறு வீடுகளின் அடுப்பங்கரையில் குழந்தைகள் நடுவே காரம் கரைக்கும் ஆபத்து அதனால் நீங்கும். காஸ்டிக் சோடாவைப் பொதுவில் ஒரு பூட்டிய பெட்டியில் வைத்து, எடுப்பவர் பெயரையும் அளவையும் பதிவு செய்யலாம். உள்ளூர் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியரைக் கொண்டு கணக்கையும் சோதனையையும் கற்பிக்கலாம். கருவிகள் கழுவிய காரநீர் குளத்திலோ கிணற்றருகிலோ சேராதவாறு பார்த்துக்கொள்ளலாம். கலவை ஒட்டிய பாத்திரங்களை ஒருநாள் அப்படியே விட்டுவைத்தால், ஒட்டியது சோப்பாக மாறிவிடும். பின்னர்க் கழுவுதல் எளிது, தீங்கும் குறைவு.

வேப்பங்கொட்டை உதிரும் ஆனி, ஆடி மாதங்களில் அதனைப் பொறுக்கி உலர்த்திச் செக்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்வதும் பஞ்சாயத்தின் கடமைகளுள் ஒன்றாகலாம். இன்று மண்ணில் மட்கும் கொட்டை, நாளை எண்ணெயாகவும், அதன் பிண்ணாக்கு வயலுக்கு உரமாகவும் ஆகும்.

உணவுக்கு முன்னும் மலங்கழித்த பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறைக்கும் என்பது யாவரும் அறிந்தது. ஊரிலேயே சோப்பு செய்யப்படுமாயின், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கைகழுவும் இடத்தில் ஒரு கட்டி எந்நாளும் இருக்கும்படி செய்தல் எளிது. குழு செய்யும் சோப்பில் சோதனையில் தேறிய முதற்கட்டிகள் அங்கே சேரட்டும்.

புதிதாகத் தொடங்குவோர் முதல் மாதத்தில் ஒரு கிலோ எண்ணெய்க்கு மேல் எடுக்க வேண்டா. ஒரே கலவையை நான்கு தடவை செய்து, நான்கையும் எழுதிவைத்து, ஆறு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நான்கும் ஒரே தன்மையாக வந்தால் கை தேர்ந்தது என்று கொள்ளலாம். அதன் பின்னரே அளவைப் பெருக்குவதும் விற்பனையைப் பற்றிச் சிந்திப்பதும் முறையாகும். தராசை நம்பி, நாளைப் பொறுத்து, நோட்டில் எழுதிச் செய்பவருக்குக் கெட்ட சோப்பும் ஒரு பாடமே. அவர் தொழிலைக் கைவிட வேண்டிய நிலை வராது.